பாலில் விட்ட அயிரை

மைசூரில் காலையில் பல் விளக்கும்போது நான் துப்புவது சாம்பல் நிறத்தில் இருக்கிறது. எழுதுவதற்கு அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் இந்த ஊரில் உனக்குப் பழகாதது எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பழகிவிட்டது. சாம்பாரில் வெல்லம் பழகிவிட்டது. சாமுண்டி மலையைப் பார்த்துத் திசை சொல்வது பழகிவிட்டது. நான் கொத்தனார். பூச்சு வேலை என் தனி வேலை. சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் தொழில் படித்த நாட்களில் பகல் முழுக்க மணல் சலித்தாலும் மறுநாள் துப்பும்போது கொஞ்சம் பழுப்பாக வரும், அவ்வளவுதான். இங்கே எம்-சாண்ட். பாறையை உடைத்து, அரைத்து, லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எல்லோரும் அதை மணல் என்கிறார்கள். கூலி வாங்குகிறவன் என்பதால் நானும் மணல் என்கிறேன். அங்கே சல்லடையில் எப்போதும் ஏதாவது நிற்கும். சிப்பி நிற்கும், நத்தை ஓடு நிற்கும், உடைந்த வளையல் நிற்கும். சில நாள் காய்ந்துபோன அயிரை ஒன்று ஈர்க்குச்சித் துண்டு மாதிரி நிற்கும். இங்கே சல்லடையில் கல்லைத் தவிர எதுவும் நிற்பதில்லை. அதற்குள் எந்த உயிரும் ஒருநாளும் இருந்ததில்லை.

ஊரில் இருக்கிறவர்கள் உடனே சொல்வீர்கள், இங்கேயும் இப்போது எம்-சாண்ட்தான் என்று. தெரியும். வைகையில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகுதானே நான் ஒரு மேஸ்திரியின் பின்னால் இங்கே வந்தேன். யார் யார் அள்ளினார்கள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. அள்ளியதில் ஒரு பங்கு என் கரண்டி வழியாகத்தான் சுவருக்குப் போனது. அதனால் ஊரை நினைத்து உருகுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. இங்கே தமிழ்க்காரர்கள் கூடுகிற இடத்தில் யாராவது செல்போனில் அயிரைக் குழம்பு வீடியோவைக் காட்டி எச்சில் விழுங்கினால் எனக்குக் கோபம்தான் வரும். குழம்பு ஞாபகம் இருக்கிறது, ஆறு ஞாபகம் இல்லை.

அயிரையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுண்டுவிரல் நீளம் வரும். உடம்பில் புள்ளியும் பட்டையும், வாயைச் சுற்றிக் குட்டி மீசை. மேல்தண்ணீரில் விளையாடுகிற மீன் அல்ல அது. அடியில் மணலோடு மணலாகக் கிடக்கும். நாம் காலை வைத்தால் மணலுக்குள் நுழைந்துகொள்ளும். மணலை வாயில் வாங்கி, அதில் ஒட்டியிருப்பதைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் துப்பும். எல்லாவற்றையும் துப்பாது, கொஞ்சம் வயிற்றில் தங்கும். பெயரின் அர்த்தம் எனக்கு ஆறாம் வகுப்பில் ஒரு குட்டோடு கிடைத்தது. பள்ளிக்குப் போகாமல் ஆற்றில் துண்டை விரித்து அயிரை பிடித்துக்கொண்டிருந்த என்னைத் தமிழ் வாத்தியார் பார்த்துவிட்டார். "பிடிக்கத் தெரியுதுல்ல, பேருக்கு அர்த்தம் தெரியுமாடா? அயிர்னா நுண்ணிய மணல்டா, மடையா" என்று தலையில் ஒன்று வைத்தார். மணலில் கிடப்பதால் அதற்கு மணல் என்றே பெயர். மணல் போய்விட்டால் அதை என்னவென்று கூப்பிடுவது என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலை வலித்தது.

மற்ற மீனைப் போல அதை வெட்டிச் சுத்தம் செய்ய முடியாது. தலையை எடுப்பதில்லை, வயிற்றைக் கிழிப்பதில்லை. அப்படியே முழுசாகக் குழம்பில் போட வேண்டியது. அப்படியானால் வயிற்றில் இருக்கும் மணலை என்ன செய்வது? அதற்குத்தான் உயிரோடு வாங்குகிறோம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கலந்த பாலை ஊற்றி அதில் அயிரையை விட்டுவிட வேண்டும். பாலைக் குடித்துக் குடித்து உள்ளே இருக்கும் மணலைக் கக்கிவிடும். அதற்குப் பிறகு கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவினால் வேலை முடிந்தது. எங்கள் பக்கம் சம்பந்தி வீட்டாருக்குக் கோழி அடிக்கலாம், ஆடே அடிக்கலாம். அயிரைக் குழம்பு வைத்தால்தான் மரியாதை வைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். இதை நம்பித்தான் நான் கெட்டேன்.

என் மகள் திவ்யா இங்கேயே பிறந்தவள். துணிக்கடையில் பில் போடுகிறாள். கன்னடம் எழுதுவாள், இங்கிலீஷ் எழுதுவாள், தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அவள் விரும்பியது மஞ்சு என்ற எலெக்ட்ரீஷியனை. அவனை எனக்கு முன்பே தெரியும். நான் பூசி முடித்த சுவரை மறுநாள் வெட்டி வயர்க் குழாய் பதிக்கிறவன் அவன். திவ்யா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாட்களில் பழக்கமாகியிருக்கிறது. சொந்த ஊர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம், கால்வாய் ஓரம். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா ஜெயம்மாதான் எல்லாம். அவர் சரி என்றால் கல்யாணம், வேண்டாம் என்றால் இல்லை. அம்மாவை மீற மாட்டேன் என்று பையன் முதலிலேயே சொல்லிவிட்டான். திவ்யாவும் அவனைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஜெயம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகவும், வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகவும் பேச்சு.

அயிரைக் குழம்பு வைக்கலாம் என்றேன். திவ்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, சும்னிருப்பா. சிக்கன் பிரியாணி போதும். அவங்களுக்கு இந்தச் சின்ன மீனெல்லாம் கொத்தில்லா."

"தெரியாட்டித் தெரிஞ்சுக்கட்டும்" என்றேன். அவர்களும் மீன் தின்கிறவர்கள்தான், ஆட்டுக்கறி தின்கிறவர்கள்தான். பிறகு என்ன?

என் மச்சினன் பாண்டி சோழவந்தானிலிருந்து பிளாஸ்டிக் கேனில் அயிரையோடு ரயிலில் வந்து இறங்கினான். ஸ்டேஷனிலேயே மூடியைத் திறந்து காட்டினான். "ஒண்ணுகூடச் சாகல மச்சான். வழி பூரா கையை விட்டுக் கலக்கிக்கிட்டே வந்தேன். எதித்த சீட்டுக்காரன், ஏம்ப்பா தண்ணிக்குத் தாலாட்டுப் பாடுறியாங்கிறான்."

"ஆத்துதா?" என்று கேட்டேன்.

"ஆத்துல ஏது மச்சான்? எந்தக் காலத்துல இருக்கீக? கம்மாயில பிடிச்சது."

அலுமினியத் தாம்பாளத்தில் பாலை ஊற்றி அடுப்படித் தரையில் வைத்து அயிரையை விட்டோம். பால் நெளிந்தது. என் மனைவி பஞ்சவர்ணம் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன ஜெயம்மா பத்து மணிக்கே மஞ்சுவோடு வந்துவிட்டார். கூடத்தில் புது விரிப்புப் போட்ட நாற்காலி இருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. ஹோளிகே, அதாவது நம்ம ஊர்ப் போளி, கட்டிய பையோடு, நானும் ஒரு கை பிடிக்கிறேன் என்கிற முகத்தோடு, நேராக அடுப்படிக்குள் போனார். உள்ளே போனவர் அப்படியே நின்றார்.

"ஏன்ரீ இது? ஹாலல்லி மீனா?" என்றார். பாலில் மீனா என்று கேட்கிறார். குனிந்து பார்த்தார். "ஜீவ இதே கண்ரீ!" உயிர் இருக்கிறது.

என் கன்னடம் சைட்டில் படித்த கன்னடம். கலக்கு, தூக்கு, கொட்டு, தண்ணீர் அதிகம், சிமென்ட் குறைவு. ஒரு வீடு கட்டுவதற்கு அது போதும். ஒரு மனுஷியைச் சமாதானப்படுத்துவதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னேன். "ஏனில்லம்மா. ஹொட்டே ஒளகே மண்ணு இதே. ஹாலு குடித்ரே மண்ணெல்லா ஹொரகே பருத்தே. ஆமேலே சாயுத்தே." வயிற்றில் மண் இருக்கிறது, பால் குடித்தால் வெளியே வந்துவிடும், பிறகு செத்துவிடும். இதில் ஒரு பொய் இல்லை. வேலை நடக்கிற விதத்தைச் சொன்னேன்.

ஜெயம்மா தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் அதற்குள் கலங்கிக் கறுக்க ஆரம்பித்திருந்தது. கொடுக்க வந்த ஹோளிகேப் பையைத் திரும்பத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். வெளியே வந்து, "நடி மகா" என்று மகனைக் கிளப்பினார்.

"அம்மா, ஊட்டா?" என்று சாப்பாட்டை ஞாபகப்படுத்தினான் மஞ்சு.

"பேடா." வேண்டாம்.

ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. தெருமுனைவரை நான் பின்னாலேயே போனேன். திரும்பி வந்தால் பஞ்சவர்ணம் வாசலில் நின்றிருந்தாள். "அந்தம்மா மூஞ்சியிலயும் சாந்து அப்புற மாதிரி அப்பி அனுப்பிட்டீக. இப்ப நிம்மதியா?" என்றாள். திவ்யா அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் எனக்குப் பாடம் எடுப்பது மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"மஞ்சு அப்பா செத்து மூணாவது நாள் ஹாலு துப்ப பிட்டாங்கப்பா. புதைச்ச மண்ணு மேல பாலும் நெய்யும் ஊத்துறது. அவங்கம்மா தன் கையால ஊத்துனாங்க. கல்யாணம் பேச வந்த வீட்ல மொதல்ல கண்ணுல பட்டது பாலு. நீ சொன்னது மண்ணு. அப்புறம் சாவுன்ன. மூணையும் ஒண்ணாச் சொல்லிட்டப்பா."

எங்கள் பக்கமும் செத்தவர்களுக்குப் பால் தெளிக்கிறோம். என் அப்பாவுக்கு நான் தெளித்தேன், இதே கையால். ஆனால் அயிரையைப் பாலில் விடும்போது ஒருநாளும் எனக்குச் சாவு வீடு ஞாபகம் வந்ததில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது எனக்குச் சுத்தம் செய்கிற வேலை. முதல் தடவை பார்க்கிறவருக்கு அது என்னவாகத் தெரியும் என்று நினைக்கத் தோன்றவில்லை. புது ஊருக்கு வந்தவன் அந்த ஊர்க்காரர்களின் வழக்கத்தைப் பார்த்துத் திகைப்பதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நம்முடைய வழக்கம் நம்முடைய வீட்டு அடுப்படியிலேயே இன்னொருவருக்குத் திகிலாக இருப்பதை யாரும் எழுதுவதில்லை.

குழம்பு வைத்தோம். எறியவா முடியும்? பாண்டியும் நானும் தின்றோம். ருசியாக இருந்தது என்று பாண்டி சொல்ல வாயெடுத்து, திவ்யாவின் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான். கழுவுவதற்கு முன்னால் தாம்பாளத்தின் அடியில் தங்கியிருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். தொழில் பழக்கம். மணல் இல்லை. ஒரு நறநறப்பும் இல்லை. வழவழவென்று கண்மாய்ச் சேறு. இதை வைத்து ஓர் அடி சுவர்கூடப் பூச முடியாது. பெயர்தான் இன்னும் மணல். வயிற்றில் மணல் இல்லாத அயிரைக்காக என் மகளின் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. பாண்டியிடம் சொன்னேன். "மண்ணுன்னா மண்ணு, சேறுன்னாச் சேறு, ரெண்டும் கக்கிருச்சுல்ல, விடுங்க மச்சான்" என்று கையைக் கழுவப் போனான்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் பேச்சு இல்லை. திவ்யா சாப்பாட்டுப் பையைக் கதவருகே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஊரில் அண்ணனுக்குப் போன் செய்தேன். "கன்னடத்தான் வீட்டு வாசல்ல போயி எதுக்குடா நிக்கிற? இங்கிட்டு மாப்பிள்ளைக்கா பஞ்சம்?" என்றார். இதே அண்ணன்தான் நான் திருவிழாவுக்குப் போனால் "வாங்க மைசூர்க்காரரே" என்று எல்லோர் முன்பும் கூப்பிடுவார். இங்கே காவிரித் தண்ணீர் சண்டை வருகிற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை விட்டுக்கொடுக்காமல், "அவரு நம்மோரு", நம்ம ஆள், என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவார்கள். இரண்டு பக்கமும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் இரண்டும் வலிக்கிறது.

மஞ்சு அதே சைட்டில்தான் இருந்தான். நான் முன் அறையில் பூசினால் அவன் பின் அறைக்குப் போய்விடுவான். ஒருநாள் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, சைட்டில் பழகிய தமிழில் சொன்னான்.

"அங்கிள், அம்மா மாரம்மன்கிட்ட பூ கேக்கப் போறாங்க. நீங்களும் வரணுமாம்."

பூசாரி அம்மன் சிலையில் ஈரப் பூக்களை ஒட்டி வைப்பார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு நிற்க வேண்டும். வலது பக்கப் பூ விழுந்தால் சம்மதம், இடது பக்கம் விழுந்தால் இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. "எம் மக வாழ்க்கையை ஒரு பூவா முடிவு பண்ணும்?"

"அப்படியில்ல அங்கிள். அம்மா முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனைக்கிறேன். பூ அத வாயால சொல்லும், அவ்வளவுதான்."

"என்னன்னு முடிவு பண்ணிருக்காங்க?"

"அது பூவுக்குத்தான் தெரியும்" என்றான். சிரிக்கிறானா என்று பார்த்தேன். இல்லை, பயந்துபோயிருந்தான்.

கோயில் கால்வாய்க் கரையில் இருந்தது. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அது கடைசியில் எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பூசாரி இன்னும் வரவில்லை, நாங்கள் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சவர்ணமும் திவ்யாவும் ஒரு பக்கம், நானும் ஜெயம்மாவும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு இன்னொரு பக்கம். மஞ்சு உட்காராமல் நடந்துகொண்டிருந்தான். ஜெயம்மா கால்வாயைப் பார்த்தபடியே கேட்டார்.

"மேஸ்திரி, ஆ மீனு ஹெசரேனு?"

"அயிரை."

"அந்த்ரே?"

அர்த்தம் கேட்கிறார். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் கேட்ட முதல் கன்னடக்காரர் அவர்தான். "அயிர்னா சண்ண மரளும்மா" என்றேன். சின்ன மணல். கீழே அதிலேயே கிடக்கும், அதையே தின்னும், அதனால் அந்தப் பெயர் என்று சொன்னேன். கையால் காட்டியும் சொன்னேன், மணலுக்குள் நுழைவது மாதிரி.

அவர் கன்னடத்தில் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். "இருக்கிறது மண்ணுல, தின்கிறது மண்ணு, பேரும் மண்ணு. அதைப் போய் மண்ணைத் துப்புன்னு பாலை ஊத்துறீங்களே. துப்பிட்டா அதுகிட்ட வேற என்ன இருக்கும்?"

என்னிடம் இருந்த ஒரே பதிலை என் சைட் கன்னடத்தில் சொன்னேன். "துப்பலேன்னா சாப்பிடுறப்ப பல்லுல நறநறங்கும்மா."

ஜெயம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நான் கீரை ஆஞ்சு போட்டா எப்பவும் மண்ணு இருக்கும். அவரு முப்பது வருஷம் நறநறன்னு தின்னாரு, ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு அவர் கேட்டார்: "உங்க மகள் எங்க வீட்டில தமிழ் பேசுவாளா? எனக்குப் புரியாதே."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "அவளுக்குத் தமிழே ஒழுங்கா வராதும்மா. எங்கிட்டயே பாதி கன்னடத்துலதான் திட்டுறா" என்றேன். ஜெயம்மா நிம்மதியாகத் தலையை ஆட்டினார். என் மகளுக்காக நான் சொல்ல முடிந்த மிக நல்ல விஷயம் அதுவாகத்தான் இருந்தது.

பூசாரி வந்தார். மணி அடித்தார். சிலையின் தலையில், தோளில், கையில் எல்லாம் வெள்ளைப் பூவை ஒட்டினார். ஜெயம்மா கண்ணை மூடிக் கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டார். நின்றோம். பூசாரி தண்ணீர் தெளித்தார், பாட்டு மாதிரி ஏதோ சொன்னார், மறுபடி தெளித்தார். ஒன்றும் விழவில்லை. திவ்யாவின் கை பஞ்சவர்ணத்தின் சேலையைப் பிடித்திருந்தது. மாரம்மா, பூவைத் தள்ளு, எந்தப் பக்கமாவது தள்ளு, என்னால் நிற்க முடியவில்லை என்று நானும் நினைத்தேன். சாமியை நினைத்து நின்று ரொம்ப வருடமாயிற்று. பிறகு தலையில் இருந்த ஒரு பூ நழுவியது. மூக்கின் மேல் சறுக்கி, நேராகக் கீழே, பீடத்தின் நடுவில் விழுந்தது.

என் கண் தூக்குக் குண்டு பிடித்துப் பழகிய கண். ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் எனக்குத் தெரியும். அது வலதும் இல்லை, இடதும் இல்லை. நட்ட நடு. பூசாரி குனிந்து பார்த்து, வாயைத் திறப்பதற்குள் ஜெயம்மா சொல்லிவிட்டார்.

"பலகடே."

வலது பக்கம். பூசாரி ஒரு தரம் அவரைப் பார்த்தார், ஒரு தரம் பூவைப் பார்த்தார், "ஹவுது, பலகடே" என்று ஆமோதித்தார். ஜெயம்மா என் பக்கம் திரும்பினார். "நோடித்ரா, பீகரே? பலகடே." பார்த்தீர்களா என்கிறார், பீகரே என்றால் சம்பந்தி. அந்தச் சொல் எனக்குத் தெரியும். என்னை நோக்கி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுவர் ஒரு நூல் கோணலாக இருந்தால் எஞ்சினியர் முன்னாலேயே சொல்லிவிடுகிறவன் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். "ஹவுதும்மா" என்றேன்.

கல்யாணம் அவர்கள் வழக்கப்படி அவர்கள் ஊர் மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டும்போது மந்திரமும் கன்னடம், மைக்கும் கன்னடம். ஊரிலிருந்து வந்த அண்ணன் சாப்பாட்டில் இனிப்பு அதிகம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், மூன்று தரம் பாயசமும் வாங்கிக் குடித்தார். மாலையில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் விடப் போனோம். ஜெயம்மாவின் வீட்டுச் சுவரில் பூச்சு அங்கங்கே உப்பியிருந்தது. ஆற்று மணல் பூச்சு. பழைய வீடு. கை தானாகப் போய்த் தடவியது. ஓரிடத்தில் நகத்தால் சுரண்டினேன். சிப்பித் துணுக்கு ஒன்று மின்னியது. காவிரி மணல். இந்த ஆற்றையும் சுவரில்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசற்படியில் சேர் என்கிற அளவுப் பாத்திரத்தில் அரிசி நிரப்பி வைத்திருந்தார்கள். திவ்யா அதைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனாள். உட்கார வைத்து ஜெயம்மா ஒரு வெள்ளி டம்ளரில் பால் கொண்டுவந்தார். வாழைப்பழம் பிசைந்து போட்டிருந்தது. எங்கள் பக்கமும் இதேதான் கொடுப்போம். ஆனால் டம்ளர் அவள் உதட்டுக்குப் போனபோது எனக்கு அலுமினியத் தாம்பாளம் கண்ணில் வந்துவிட்டது. எத்தனை விரட்டினாலும் போகவில்லை. குடி, குடித்து உள்ளே இருப்பதைக் கக்கிவிடு என்றுதான் எல்லா வீட்டிலும் புதுப் பெண்ணுக்குப் பால் கொடுக்கிறார்களா என்று தோன்றியது. திவ்யா பாதியைக் குடித்துவிட்டு மீதியை மஞ்சுவிடம் கொடுத்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்தாள், கன்னடத்தில், வேகமாக. எனக்குப் பாதி புரியவில்லை. கக்குவதற்கு அவள் வயிற்றில் என்ன இருக்கிறது? அவள் எந்த மணலிலும் கிடந்தவள் இல்லை. இந்த ஊர்த் தண்ணீரில் பிறந்து இந்த ஊர்த் தண்ணீரில் நீந்துகிறவள்.

ஜெயம்மா எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தார். எவர்சில்வர் டம்ளர், கை பொறுக்காத சூடு. "குடீரி, பீகரே" என்றார். நின்றபடியே குடித்தேன். நெஞ்சில் கல்தூள் அரித்தது, இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். புது வீட்டு வாசலில் துப்பக்கூடாது. துப்பினால் என்ன நிறத்தில் வரும் என்று தெரியும். அதற்கும் அடியில் கொஞ்சம் பழுப்பு இன்னும் தங்கியிருக்கிறதா என்பதுதான் தெரியாது. அதை இதுவரை எந்தப் பாலும் வெளியே எடுத்துக் காட்டியதில்லை.

"இன்னு சொல்ப?" என்று ஜெயம்மா பாத்திரத்தைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சமா என்று கேட்கிறார். போதும் என்று சொல்லத்தான் நினைத்தேன். டம்ளரை நீட்டினேன்.